‘த ஸ்னோமேன்’ படத்தைச் சின்னப் பிள்ளைக்குக் காட்டலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நான்கு வயது. இங்கிலாந்துக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ‘த ஸ்னோமேன்’ பற்றிக் கதைக்கிறார்கள், கடைசியில் பனிமனிதன் உருகிப்போவான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. காட்டலாமா, காட்டினால் முடிவு வருமுன் நிறுத்திவிடலாமா, அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்?

காட்டுங்கள். நிறுத்த வேண்டாம். கடைசிக் காட்சியை வெட்டினால் படமே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பதினைந்து வருடத்துக்கு மேலாக ஓடுகிற படம் இது, எனக்கு அதில் சொந்தமாக ஒரு கணக்கும் இருக்கிறது.

முதலில் மதம் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட ஒரு படப்புத்தகத்திலிருந்து வந்தது இந்தப் படம், அந்தப் புத்தகத்தில் கிறிஸ்மஸே கிடையாது. கிறிஸ்மஸ் தாத்தா இல்லை, மரம் இல்லை, பரிசு இல்லை. பனி கொட்டுகிறது, ஒரு பையன் பனிமனிதன் செய்கிறான், நடுச்சாமத்தில் அவனுக்கு உயிர் வருகிறது, இருவரும் பறந்துபோய்க் கடலோரத்தில் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள், காலையில் அவன் உருகிப்போயிருக்கிறான். அவ்வளவுதான் கதை. படம் எடுத்தவர்கள்தான் அந்தப் பறப்பை வடதுருவம் வரை நீட்டி, அங்கே பனிமனிதர்களின் கொண்டாட்டம் ஒன்றை வைத்து, கிறிஸ்மஸ் தாத்தாவையும் கொண்டுவந்தார்கள். இதற்குள் கிறிஸ்மஸை ஏன் இழுக்க வேண்டும் என்று பிரிக்ஸுக்கே முதலில் பிடிக்கவில்லை. பிறகு நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். எப்படியோ, சமயம் சார்ந்த எதுவும் படத்தில் இல்லை, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பிள்ளையோடு இருந்து பார்க்கலாம்.

பிரிக்ஸ் லண்டனில் ஒரு பால்காரரின் மகனாக 1934இல் பிறந்தவர். இந்தப் புத்தகத்துக்கு முந்திய வருடம்தான் சேறும் சளியும் நாற்றமும் நிறைந்த, பக்கமெல்லாம் எழுத்து நெருக்கியடித்த ஒரு புத்தகத்தை முடித்திருந்தார். இரண்டு வருடம் அதற்குள்ளேயே கிடந்த பிறகு சுத்தமான, அமைதியான, சொற்களே இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டும் போலிருந்ததாம். அதுதான் ‘த ஸ்னோமேன்’. கலர் பென்சிலால் கீறிய சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு வசனம்கூட இல்லை. தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் மலைச்சரிவின் அடியில் அவர் குடியிருந்த பக்கத்தையே புத்தகத்திலும் கீறினார். படத்தில் இருவரும் பறக்கும்போது கீழே வெங்காயக் குமிழ் மாதிரிக் கூரைகளோடு ஒரு மாளிகை தெரியும், பிறகு கடலுக்குள் நீண்டுபோகும் ஒரு பாலம். பிரைட்டனில் இருக்கும் ராயல் பவிலியனும் பாலஸ் பியரும்தான் அவை. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். நாங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த மாளிகையைப் பார்த்து அவன் கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

படமாக்கியவர்கள் லண்டனில் இருந்த டிவிசி என்ற சின்ன ஸ்டூடியோ, 1968இல் பீட்டில்ஸ் பாடகர்களின் ‘எலோ சப்மரீன்’ கார்ட்டூனைச் செய்த அதே இடம். தயாரிப்பாளர் ஜான் கோட்ஸ், இயக்குநர் டயான் ஜாக்சன், இசை ஹாவர்ட் பிளேக். 1982 நவம்பர் 2ஆம் தேதி சனல் 4 என்று ஒரு புதுத் தொலைக்காட்சி தொடங்கியது, இரண்டு மாதம்கூட ஆகுமுன் டிசம்பர் 26ஆம் தேதி மாலை இந்தப் படம் அதில் வந்தது. 26 நிமிடம். ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதே சனல் போடுகிறது. (2011இல் இலங்கையில் எங்கள் ஊரின் கடைசிப் போர் நாட்களை உலகத்துக்குக் காட்டியதும் இதே சனல் 4தான். என் மனதில் இந்த இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே வருகிறேன்.)

சரி, அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கால கம்ப்யூட்டர் கார்ட்டூன்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது வேறு மாதிரி இருக்கும், முதல் இரண்டு நிமிடம் ‘படம் ஏன் ஆடுது?’ என்று கேட்கக்கூடும். வழமையாகக் கையால் செய்யும் கார்ட்டூனில் கண்ணாடி போன்ற தாளில் கோடுகளை எழுதி, பின்பக்கம் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நிறம் தட்டையாக, ஒரே சீராக இருக்கும். இவர்களோ புத்தகத்தின் பென்சில் தடம் திரையிலும் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்து, கிரேயோனாலும் பாஸ்டலாலும் ஒவ்வொரு படத்தையும் கையால் தேய்த்து நிறம் போட்டார்கள். கையால் தேய்த்தால் ஒரு படம் போல் அடுத்தது வராது. நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று வைத்தாலே ஒரு நிமிடத்துக்கு எழுநூற்று இருபது, அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். ஓடவிடும்போது சுவர், சட்டை, பனி எல்லாமே லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும். யாரோ இப்போதுதான் கீறிக்கொண்டிருக்கிறார்கள் போல. பிள்ளைகள் தாங்களே கிரேயோனால் கீறுகிறவர்கள் என்பதால் அந்தத் தடம் அவர்களுக்குப் பழக்கமான தடம், அதனால்தான் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பறக்கிற காட்சியைத் தனியாகப் பாருங்கள். சாதாரணமாகப் பின்னணி என்பது அசையாத ஒரு ஓவியம், அதன் மேல் ஆட்கள் அசைவார்கள். இங்கே நிலமே புரள்கிறது. வயல், வேலி, வீட்டுக்கூரை, மலை எல்லாம் அவர்களுக்குக் கீழே சாய்ந்து திரும்பி ஓடுகின்றன, அத்தனையையும் கையால் மறுபடி மறுபடி கீறியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் யாரோ மேசையில் குனிந்திருந்து, ஒரு மலையை ஒவ்வொரு கோணத்திலும் யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் வயிறு ஒருமுறை கூசும்.

அந்த இடத்தில்தான் பாட்டும் வருகிறது, படம் முழுவதிலும் சொல்லோடு வரும் ஒரே பாட்டு, ‘வாக்கிங் இன் தி ஏர்’. பாடியது சென்ட் போல்ஸ் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த பீட்டர் ஆட்டி என்ற பதின்மூன்று வயதுப் பையன். அவசரத்தில் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டு வேண்டியிருந்தபோது ஆட்டிக்குக் குரல் உடைந்துவிட்டது, அதனால் அலெட் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பையன் பாடினான். அது 1985இல் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாவது இடம் வரை போனது, அன்றிலிருந்து இங்கே பாதிப் பேர் படத்திலும் அவன்தான் பாடினான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வேலையிடத்திலும் யாராவது சொல்வார்கள். படத்தில் கேட்பது ஆட்டியின் குரல். இருபதாவது ஆண்டுப் பதிப்பில்தான் அவர் பெயரைச் சேர்த்தார்கள், அதற்குள் அவர் வளர்ந்து ஓபரா பாடகராகவே ஆகிவிட்டார். யாரோ ஒரு பிள்ளை தன் குரல் மாறப்போவதற்கு முன்னால் ஒருமுறை பாடிவைத்துப் போனது என்பது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டு இன்னும் கூடுதலாகப் பிடித்துப்போயிற்று.

தொடக்கத்தில் ஒருவர் சில வரி பேசுவதையும் இந்தப் பாட்டையும் விட்டால் படத்தில் பேச்சே இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2008 டிசம்பரில் என் மகனுக்கு ஐந்து வயது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவனுடைய தமிழ் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது, அம்மாவுக்கோ ஆங்கிலம் ‘தாங்க்யூ’வோடு சரி. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் உயிர், ஆனால் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் ஒருவர் சிரிக்கும்போது மற்றவருக்கு ஏன் என்று தெரியாது. அவன் கார்ட்டூனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான், அம்மா அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா தமிழ்ச் சனலில் செய்தி பார்ப்பார், அவன் எழும்பிப் போய்விடுவான். அந்த மாதங்களில் செய்தி எப்படியிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, வன்னியில் இருந்தார். கிளிநொச்சியில் கடைசியாக இருந்த வீட்டையும் விட்டு வெளிக்கிட்டுவிட்டார்கள் என்பதுவரை தெரியும், அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மகன் பள்ளிக்கூடத்தில் பாதி பார்த்த படம் என்று சொல்லி இந்த டிவிடியைப் போடச் சொன்னான். அம்மா தன் கதிரையில் இருந்தார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தார்.

“உதுக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்லையே?”

இல்லை அம்மா, இதில் பேச்சு இல்லை என்றேன். அம்மா கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நான் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருந்தேனே தவிர, என் வேலையெல்லாம் காதில்தான். பனிமனிதன் நெருப்பைக் கண்டு பின்வாங்குகிறான், இருவரும் சிரிக்கிறார்கள். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்க்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். தாய் தகப்பன் படுத்திருக்கும் அறைக்குள் போய்க் கண்ணாடிக் குவளையில் கிடக்கும் பொய்ப் பல்லை எடுத்து மாட்டுகிறான், அம்மா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், ஏனென்றால் அம்மாவுக்கும் அந்த வருடம்தான் பல்செட் வந்திருந்தது, மகனுக்கு அது தெரியும், அவன் திரும்பி அம்மாவைப் பார்த்து உருண்டு உருண்டு சிரிக்கிறான். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருவரும். இரண்டு வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அம்மா கேட்டார். “தாய் தேப்பன் ஒருக்காலும் எழும்பேல்லையே? பிள்ளை இரவிரவாத் திரியிறான்.” எத்தனையோ பேர் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருப்பதை நான் வாசித்திருக்கிறேன், ஆனால் இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது. உண்மையிலேயே அவர்கள் எழும்புவதேயில்லை. பையன் பனிமனிதனோடு வீடு முழுக்கச் சுற்றுகிறான், மோட்டார் சைக்கிளில் காட்டுக்குள் போகிறான், வடதுருவம் வரை பறந்து வருகிறான், பெரியவர்கள் படுத்த படுக்கையில் இருக்கிறார்கள். அவனுக்கு நடந்ததற்கு வேறு சாட்சி இல்லை. காலையில் அவன் தோட்டத்துக்கு ஓடும்போது தனக்கு என்ன இல்லாமல் போயிற்று என்று அவனால் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. பிள்ளைகளின் துக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரு உடைந்த பலூன், தொலைந்த பொம்மை. அதனோடு அவர்கள் எங்கெல்லாம் போய்வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் பயப்படும் அந்த முடிவு. காலை, வெயில். பையன் மேலங்கியோடு கீழே ஓடி வருகிறான், கதவைத் திறக்கிறான். பனி குறைந்து ஒரு மேடாகக் கிடக்கிறது, அதன் மேல் தொப்பி, சால்வை, கண்ணாக வைத்த கரித்துண்டு, மூக்காக வைத்த தோடம்பழம். பையன் மேலங்கியின் பைக்குள் கையை விடுகிறான். இரவு கிறிஸ்மஸ் தாத்தா கொடுத்த நீலநிற ஸ்கார்ஃப் இருக்கிறது. அப்படியானால் எல்லாம் நடந்துதான் இருக்கிறது. முழந்தாளில் இருக்கிறான். கமரா பின்னால் பின்னால் போகிறது. முடிந்தது. தாய் ஓடி வந்து அணைப்பதில்லை, அடுத்த வருடம் வருவான் என்று ஒரு குரல் சொல்வதில்லை. அந்த ஸ்கார்ஃப் புத்தகத்தில் கிடையாது, படம் எடுத்தவர்கள் சேர்த்தது. எனக்கு அவர்கள் சேர்த்தவற்றில் மிகச் சிறந்தது அதுதான். கனவு கண்டாய் என்று பிள்ளையிடம் சொல்லித் தப்பிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது.

பிரிக்ஸ் 1971இல் தாயையும் தகப்பனையும் ஒரே வருடத்தில் இழந்தவர். இரண்டு வருடம் கழித்து மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். ஐந்து வருடம் கழித்துத்தான் இந்தப் புத்தகம் வந்தது. ஏன் இப்படிச் சோகமாக முடித்தீர்கள் என்று வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பனிமனிதன் உருகுகிறான், என் பெற்றோர் இறந்தார்கள், பூக்களும் மிருகங்களும் சாகின்றன, இதில் சோகமாக ஒன்றுமில்லை, நடப்பது அதுதானே என்ற பொருளில் ஒருமுறை சொன்னார். 2022இல் அவரும் போய்விட்டார். நான் அவரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை, சோகமில்லை என்று சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அது சோகம்தான். ஆனால் பிள்ளையிடமிருந்து அதை மறைக்காமல், மேலே இனிப்பும் தடவாமல், 26 நிமிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறாரே, அந்த மரியாதைக்காகத்தான் நான் இந்தப் படத்தை இவ்வளவு நேசிக்கிறேன்.

முதல் தடவை முடிவு வந்தபோது எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், மகன் ஒன்றும் பேசவில்லை. டிவிடி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல வாய் உன்னியது, நல்ல காலத்துக்குச் சொல்லவில்லை. படுக்கப்போகும்போது அவனாகவே கேட்டான், அந்தப் பையன் அடுத்த முறை பனி வரும்போது இன்னொன்று செய்வானா, அது இதே ஆளா வேறு ஆளா என்று. நீ என்ன நினைக்கிறாய் என்றேன். வேறு ஆள், ஆனால் இவனைப் பற்றி அவனுக்குச் சொல்லலாம் என்றான். ஐந்து வயது.

அம்மா அதுவரை பனியைக் கண்ணால் கண்டதில்லை. லண்டனில் பனி விழுவதே அபூர்வம் என்பது உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். படம் பார்த்த பிறகு ஒவ்வொரு காலையும் யன்னல் சீலையை விலக்கி, “பிள்ளை, உந்த ஸ்னோ எப்ப கொட்டும்?” என்பார். ஜனவரி 31, சனிக்கிழமை, போரை நிறுத்தச் சொல்லி லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது, நாங்கள் எல்லோரும் போனோம், அம்மாவும் நடந்தார், மகன் பாதித் தூரம் என் தோளில். ஞாயிறு இரவு தொடங்கிக் கொட்டி, திங்கட்கிழமை விடிய எழும்பினால் ஊர் முழுக்க வெள்ளை. பதினெட்டு வருடத்தில் இப்படி விழவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை, பள்ளிக்கூடம் இல்லை, வேலை இல்லை.

சேலைக்கு மேல் என்னுடைய பழைய ஜாக்கெட், காலில் இரண்டு சோடி சொக்ஸ், தலையில் கம்பளிச் சால்வை. அம்மா பின் கதவால் இறங்கிக் காலை வைத்ததும் ‘நொறுக்’ என்ற சத்தம் கேட்டது, நின்றுவிட்டார், பிறகு இன்னொரு காலை வைத்தார், பிறகு சத்தத்துக்காகவே தோட்டத்தைச் சுற்றி நடந்தார். மகனும் அவருமாக உருட்டிச் செய்த பனிமனிதன் அவன் உயரத்துக்கு வந்தான். கரி கிடைக்கவில்லை, கண்ணுக்கு இரண்டு காய்ந்த கொரக்காப்புளித் துண்டு. மூக்குக்குத் தோடம்பழம்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தான், இருந்தது. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்துவிட்டு அம்மா சொன்னார், “நெத்தியில ஒண்டுமில்லாமல் நிக்கிறான்.” உள்ளே போய்ச் சாமியறையிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைப் பனியில் திருநீறு தெரியாது. பூசினார்.

நான்கு நாளில் அவன் சரிந்து சிறுத்துப்போனான். மகன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தான், அழவில்லை, தோடம்பழம் விழுந்ததும் எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். சாப்பிட விடவில்லை. என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் படத்தால்தான் தெரிந்திருந்தது, அதனால் நீங்கள் உங்கள் மகளிடமிருந்து அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை எடுத்துவிட வேண்டாம் என்று திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

காட்டும் விதம் பற்றிச் சில விஷயம். தொடக்கம் மூன்று விதமாக இருக்கிறது. முதல் பதிப்பில் பிரிக்ஸே வயலில் நடந்துகொண்டு பேசுவார். அமெரிக்கக்காரருக்காக எடுத்ததில் பாடகர் டேவிட் போவி, வளர்ந்துவிட்ட அந்தப் பையனாகப் பரணில் ஏறி, இழுப்பறையிலிருந்து ஸ்கார்ஃபை எடுப்பார். பின்னால் வந்த ஒன்றில் கிறிஸ்மஸ் தாத்தா பேசுவார். கிடைத்தால் போவி வரும் பதிப்பை எடுங்கள், பையன் பெரியவனாகியும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று முதலிலேயே தெரிந்துவிடுவது சின்னப் பிள்ளைக்கு நல்லது. 2012இல் ‘த ஸ்னோமேன் அண்ட் த ஸ்னோடோக்’ என்று இரண்டாம் படம் வந்தது, அதே வீட்டுக்கு வேறு ஒரு பையன் குடிவருகிறான், பனியில் செய்த நாய் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இதைக் காட்டி ஒரு வருடமாவது போகட்டும். பகலில் காட்டுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், கைபேசியைத் தூரமாக வையுங்கள். முடிந்தவுடன் விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். ஊரிலிருந்து அம்மம்மாவோ அப்பம்மாவோ வந்து நிற்கிறார்கள் என்றால் கட்டாயம் அவர்களையும் இருத்துங்கள், அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எதுவும் இல்லாத படம் இந்த நாட்டில் வேறு அதிகம் கிடையாது.

சின்ன மாமாவின் செய்தி மே மாதக் கடைசியில் வந்தது. அவருடன் இருந்தவர்களில் ஒருவர் முகாமிலிருந்து இன்னொருவருக்குச் சொல்லி, அவர் கனடாவுக்குச் சொல்லி, அங்கிருந்து எங்களுக்கு. இடம் தெரியும், நாள் சரியாகத் தெரியாது. எடுத்து வைக்க ஒரு பொருளும் இல்லை. எங்களிடம் இருந்தது பழைய கலியாண வீட்டுப் படம் ஒன்று மட்டும், அதில் மாமா வேட்டியும் கரை போட்ட சால்வையுமாக நிற்கிறார். வெளியே எங்கே போவதென்றாலும் அந்தச் சால்வை தோளில் இருக்கும்.

அந்த வருடம் டிசம்பரில் மகன் கேட்கவில்லை, அம்மாதான் கேட்டார். “அந்தப் பனிப் படத்தைப் போடு பிள்ளை.” போட்டேன். பொய்ப் பல்லுக்கு மகன் சிரித்தான், அம்மாவும் அவனைப் பார்த்துச் சிரித்தார். பாட்டு வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிக் காட்சி தொடங்கியதும் போன வருடம் போல் எழும்பிவிடுவார் என்று நான் பார்த்தேன், எழும்பவில்லை. பையன் பைக்குள் கையை விட்டு அந்த நீலத் துணியை வெளியே எடுத்தான்.

“சால்வையை வச்சிருக்கிறான் என்ன,” என்றார்.

மகன் ஓமென்று தலையாட்டினான். பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை இருந்துவிட்டு, பிறகுதான் தேத்தண்ணி வைக்க எழும்பினார்.